பெருங்காயம் மணத்த குப்பைக்கிடங்கு

மார்கழிப் பனி விழுந்த காலையில் குப்பைக்கிடங்குக்குள் முழங்கை வரை கையை விட்டால் உள்ளே சுடும். மேலே கிடக்கும் சருகு ஈரத்தில் விறைத்துப் போயிருக்க, ஒரு சாண் கீழே காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டது போன்ற சூடு கிடைக்கும். கையை வெளியே எடுத்து முகர்ந்தால் மழை பெய்த மண்ணும் புளித்த மாவும் கலந்த மாதிரி ஒரு மணம் வரும். அருவருப்பாக இல்லையா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், எனக்கு அந்த மணம் பிடிக்கும் என்பதுதான். இப்போது என் தொழிலும் அதுவாகவே ஆகிவிட்டது. விவசாயப் போதனாசிரியை என்ற பெயரில் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்து ஊர்களில் வீடு வீடாகப் போய், சமையற் கழிவையும் வளவுச் சருகையும் கூட்டெரு ஆக்குவது எப்படி என்று விளக்குகிறேன். கூட்டத்தில் யாராவது ஒருவர், "மிஸ், உதெல்லாம் எங்கை படிச்சனீங்கள்?" என்று கேட்பதுண்டு. படித்த இடத்தின் பெயரைச் சொல்லிவிடுவேன். உண்மையில் நான் அதைப் படித்தது பத்து வயதில், உரும்பிராயில், எங்கள் வீட்டுப் பின்வளவில், கதைக்க ஒருவரும் இல்லாமல் கழிந்த ஒரு வருடத்தில்.

எங்கள் ஊரில் கிடங்கு என்றால் நிலத்தில் வெட்டிய குழி. எங்கள் வீட்டுக் "குப்பைக்கிடங்கில்" ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். ஆழம் என் நெஞ்சு வரை வரும். செம்மண்ணை வெட்டிக்கொண்டே போய், சுண்ணாம்புக் கல் தட்டுப்பட்ட இடத்தில் அப்பா அலவாங்கைக் கீழே வைத்துவிட்டார். அது போர் நடந்துகொண்டிருந்த, யூரியா உரம் வராத காலம். வழியில் ஆமி மறித்துவிடும், ஏன் என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லாமல் போயிருந்தது. ஆகவே வெங்காயமும் புகையிலையும் போடுகிற குடும்பங்களுக்குக் குப்பை பெரிய சொத்தாகிவிட்டது. மருதனார்மடம் சந்தையில் கண்டவுடன், சுகம் விசாரிப்பதற்கு முன்னால் "கிடங்கு எப்பிடி, நிரம்பிட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பா வாய் குறைந்த மனிதர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுவார். ஆனால் கிடங்கைப் பற்றி அவரிடம் ஒரு சட்டப் புத்தகமே இருந்தது. அடியில் பூவரசங் குழையும் கிளிசறியாக் குழையும் ஒரு முழத்துக்கு, அதன் மேல் சாணம் கரைத்த தண்ணீர், அதன் மேல் வளவு கூட்டிய சருகு, அதன் மேல் "குசினிக் கழிவு", கடைசியில் அடுப்புச் சாம்பலும் ஒரு கடகம் செம்மண்ணும். பிறகு மறுபடியும் குழையிலிருந்து தொடக்கம். குசினிக் கழிவு என்றால் மரக்கறித் தோல், வாழைப்பூ மடல், பிழிந்த தேங்காய்ப்பூ, தேயிலைச் சக்கை, முட்டைக்கோது. சோறு போகக்கூடாது, எலி வரும். மீன் தலை போகக்கூடாது, நாய் கிண்டும். தவறி ஒரு "சொப்பின் பை", அதாவது பிளாஸ்டிக் பை, விழுந்துவிட்டால் அப்பாவே இறங்கித் தேடி எடுத்து, கழுவி, குசினி வாசலில் எல்லோரும் காணும்படி காயப் போடுவார். அம்மாவை அவர் திட்டுகிற முறை அதுதான். சாணி வாளியையும் கழிவுச் சட்டியையும் கிடங்கடிக்குக் கொண்டுபோவது என் வேலை.

கிடங்கு இருந்தது கிழக்கு வேலியோரம். வேலிக்கு அந்தப் பக்கம் கனகு மாமாவின் வளவு. மாமா என்றால் இரத்த உறவு இல்லை, அயல் உறவு. அவர்களுடைய பிலாமரம் வேலியிலிருந்து நாலடி தள்ளி நின்றது, கொப்பில் பாதி எங்கள் பக்கம். வேலியில் ஒரு "பொட்டு" இருந்தது. ஓலையை விலக்கிக் குனிந்து நுழைகிற அளவு ஓட்டை அது. அதன் வழியாகத்தான் அடுப்புத் தணலும் கறிக் கோப்பைகளும் அவர்களுடைய ஒரே மகள் வதனியும் எங்கள் வீட்டுக்கு வந்து போனார்கள். வதனிக்கும் என் வயதுதான், ஒரே வகுப்பு, உட்காருவதும் ஒரே வாங்கு. நானும் தனிப் பிள்ளை. பின்னேரங்களில் இரண்டு பேருமாக எங்கள் வளவில் விழுந்த பிலாச் சருகை ஈர்க்கில் ஒவ்வொன்றாகக் குத்தி நீளமாகக் கோத்து, பாதியை அவளுடைய ஆடுகளுக்கும் பாதியை எங்கள் கிடங்குக்கும் கொண்டுபோவோம். பாதி சரியாக இருக்கிறதா என்று நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

பார்த்தவர்கள் பெரியவர்கள். ஓர் ஆவணி மாதத்துக் காலையில் கனகு மாமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி சிவம், உம்மடை கிடங்கிலை பாதி என்ரை மரத்து இலை. திறக்கேக்கை எனக்கும் ஒரு பத்துக் கடகம் தாரும்" என்றார். பகிடி பாதி, உண்மை பாதி.

"மரம் உங்கடைதான் அண்ணை. விழுறது எங்கடை வளவுக்கையெல்லோ" என்றார் அப்பா.

"விழுந்தாப்போலை உம்மடை ஆகுமோ?"

"அப்ப நாளையிலையிருந்து வளவு கூட்டுறதுக்கும் உங்கடை மனுசியை அனுப்பிவிடுங்கோ, அண்ணை."

அண்ணை என்ற சொல் விடுபடவில்லை. மற்ற எல்லாம் விடுபட்டுப்போயிற்று. அடுத்த நாள் காலையில் பொட்டு இருந்த இடத்தில் இரண்டு புதுக் கதியால் தடிகள் நட்டு, மட்டை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தது. அந்த வீட்டுப் பெட்டையோடு கதைக்கக்கூடாது என்று அம்மா எனக்குச் சொன்னார். அதையே வதனிக்கும் சொல்லியிருப்பார்கள் போலும். பள்ளிக்கூடத்தில் அவள் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு பின் வாங்குக்குப் போய்விட்டாள்.

வகுப்பில் வேறு பிள்ளைகள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தார்கள். ஆனால் பத்து வயதில் எல்லோருக்கும் ஏற்கெனவே ஆள் இருக்கும். நடுவில் போய் ஒட்டிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை, சற்றுத் தலைக்கனமும் இருந்தது. அப்பா தோட்டத்தில், அம்மா புகையிலை கட்டுகிற இடத்தில். பள்ளி விட்டு வந்தால் வீடு முழுக்க நான் ஒருத்திதான். பேசாமல் இருந்து இருந்து, கடைக்குப் போய் ஏதாவது கேட்கும்போது என் குரலே எனக்கு ஒரு மாதிரிக் கேட்கும். அந்த நாட்களில்தான் கிடங்கோடு கதைக்கத் தொடங்கினேன். கழிவுச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, "இந்தா, இண்டைக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி. காம்பெல்லாம் உனக்குத்தான்" என்று சொல்லுவேன். சத்தமாகவே சொல்லுவேன். கிடங்குக்குக் காது இல்லை என்பது எனக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு கட்டுகிறவளுக்குக் காது உண்டு என்பதும் தெரியும்.

ஒரு கிழமை போயிருக்கும். கணக்கில் நான் வாங்கிய அடியைப் பற்றிக் கிடங்குக்குச் சொல்லிக்கொண்டு நிற்க, வேலிக்கு மேலால் ஓர் ஈர்க்கு நிறையக் கோத்த பிலாச் சருகு வந்து கிடங்குக்குள் விழுந்தது. அடுத்த நாளும் விழுந்தது. அதன் பிறகு நான் கதைத்து முடித்ததும் ஒவ்வொரு நாளும் விழும். அவள் ஒரு சொல் கதைக்கவில்லை. கதைக்கக்கூடாது என்று வீட்டில் சொன்னதை வதனி அப்படியே கடைப்பிடித்தாள். இலை எறியக்கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த ஈர்க்கு விழுகிற சத்தத்துக்காகவே நான் பள்ளி விட்டு ஓடி வந்திருக்கிறேன். பின்னேரம் ஆறு மணி வரை அந்த மகிழ்ச்சி தாங்கும்.

ஐப்பசியில் நடுகைக்காக அப்பா கிடங்கைத் திறந்து பசளையை அள்ளினார். அள்ளி முடிந்தபோது கிழக்குப் பக்கச் சுவர் தெரியவில்லை. அங்கே முழுக்க வேர். மணிக்கட்டுப் பருமனில் ஆறேழு வேர், அவற்றிலிருந்து நூல் நூலாக ஆயிரம் வேர், எல்லாம் வேலிக்கு அடியால் வந்து எங்கள் பசளைக்குள் வாய் வைத்திருந்தன. அப்பா ஒரு வேரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "எங்கடை குப்பையைத் திண்டுதான் உவரின்ரை பிலா உந்தக் காய் காய்ச்சது" என்றார். பிறகு கோடாலியை எடுத்து வந்து வேலியோரமாக எல்லாவற்றையும் தறித்து எறிந்தார். அவருக்குத் தன் கிடங்கைத் துப்புரவாக்குகிற நினைப்பு மட்டும்தான். அந்த மாதம் விடாமல் மழை. வெறுங்கிடங்கில் தண்ணீர் தேங்கி நின்றது. கார்த்திகை கடைசியில்தான் மறுபடி குழை போட முடிந்தது.

மார்கழி முடிவில், பொங்கலுக்கு வீடு கழுவும்போது, குசினித் தட்டில் இருந்த தகரப் பேணிகளையெல்லாம் கழுவி வைக்கும்படி அம்மா என்னிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அதில் ஒரு பேணிக்குள் பெருங்காயக் கட்டி இருந்தது. கொழும்பிலிருந்து சின்னம்மா ஆள் மூலம் கொடுத்துவிட்டது. இங்கே கடைகளில் கண்ணாலும் காண முடியாத சாமான், அம்மா அதை நகத்தால் சுரண்டித்தான் ரசத்துக்குப் போடுவார். கட்டியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுப் பேணியைக் கழுவினேன், கழுவிய பேணிகளை வெயிலில் அடுக்கினேன், பிறகு படம் கீற உட்கார்ந்தவள் மறந்துபோனேன். ஒரு மழை கொட்டி ஓய்ந்த பிறகு ஓடிப்போய்ப் பார்த்தால் கிணற்றுக் கட்டில் கூழ். அந்த வளவே மணத்தது. அம்மாவிடம் எலி கொண்டுபோய்விட்டது என்று சொன்னேன். எலி பெருங்காயம் தின்னுமா என்று அம்மா ஒரு கணம் யோசித்தார், பிறகு எலியைத் திட்டினார்.

மிஞ்சிய கூழைச் சிரட்டையால் வழித்துக் கிடங்கின் வேலிப் பக்க மூலையில் போட்டு, மேலே சாம்பல் தூவினேன். போடும்போதே கிடங்குக்குச் சொன்னேன்: "இந்தா, அம்மான்ரை பெருங்காயம். மழையிலை நனைஞ்சு போச்சு. எலி கொண்டுபோட்டுதெண்டு பொய் சொல்லிப்போட்டன். ஆருக்கும் சொல்லிப்போடாதை." வழக்கம் போலச் சத்தமாகத்தான் சொன்னேன். வழக்கம் போல ஈர்க்கும் வந்து விழுந்தது.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிற ஒரு விஷயம் உண்டு. ஒரு மரத்தைச் சத்தமில்லாமல் கொல்ல வேண்டுமானால் அதன் அடியில் பெருங்காயம் வைத்தால் போதும், மரம் நின்ற நிலையில் பட்டுப்போகும் என்பார்கள். மரத்தில் கோபமுள்ள அயலவன் அதைத்தான் செய்வானாம். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், பிலாமரத்தின் எங்கள் பக்கக் கொப்புகளில் இலை பழுத்துக் கொட்டவும், பிஞ்சுகள் கறுத்து விழவும் கண்ட கனகு மாமா வேலியோரம் வந்து நின்று மூக்கை உறிஞ்சினார். நான் கிடங்கடியில் நின்றேன். அவருடைய முகம் மாறுவதை ஓலை இடுக்கால் பார்த்தேன்.

"சிவம்! வெளியிலை வாரும்! என்ரை மரத்துக்குப் பெருங்காயம் வைச்சிருக்கிறீர்!"

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. "என்ன விசர்க் கதை கதைக்கிறியள் அண்ணை?" என்றார். "எனக்கு மணக்குது! மூக்கு இருக்கிற ஆரையும் கூட்டிக்கொண்டு வாரும்!" என்று கத்தினார் மாமா. சத்தம் கேட்டுக் கூடியவர்களில் இரண்டு பேர் மோந்து பார்த்தார்கள். தங்களுக்குச் சாணிதான் மணக்கிறது என்றார்கள். அப்பா அன்று காலை சாணம் கரைத்து ஊற்றியிருந்தார்.

இந்த மாதிரிப் பிணக்கு பொலிசுக்குப் போகாது, வைரவர் கோயிலுக்குப் போகும். வெள்ளிக்கிழமை காலை பத்துப் பேர் அளவில் கூடினார்கள். வெற்றிலையில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "வைரவர் சாட்சியா, நான் அண்ணையின்ரை மரத்துக்குப் பெருங்காயம் வைக்கேல்லை" என்றார் அப்பா. கோடாலியைப் பற்றி அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்ப்பக்கம் மாமாவுக்குப் பக்கத்தில் வதனி. அவள் கற்பூரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெருங்காயத்தை நான்தான் போட்டேன் என்று ஒரு வசனம் சொன்னால் முடிந்தது. வாய் வரை வந்தது. எலி என்று சொன்ன பொய்யும் கூடவே வந்தது. அம்மாவின் கை என் தோளில் இருந்தது, நான் பேசாமல் நின்றேன்.

பொய்ச் சத்தியம் செய்தவனின் கை அழுகும் என்று பள்ளிக்கூடத்தில் கதைத்துக்கொள்வார்கள். அப்பாவின் உள்ளங்கையில் கற்பூரம் சுட்ட கொப்புளம் எழும்பியது. பதினைந்து நாள் ஒவ்வொரு காலையும் அவர் தேநீர் குடிக்கும்போது அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துச் செத்தேன். கொப்புளம் காய்ந்து உரிந்து சுகமாகிவிட்டது. ஊருக்கு அதுவே தீர்ப்பு. சிவத்தாருக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஆகவே கனகர் பொய் சொல்லியிருக்கிறார், வைரவர் வாசலில் ஒருவனை அநியாயமாகச் சத்தியம் செய்ய வைத்திருக்கிறார். சந்தையில் அவரைக் கண்டால், "என்ன கனகர், இண்டைக்கு என்ன மணக்குது?" என்று கேட்பது பகிடியாகிவிட்டது. அப்பா அந்தப் பகிடியை ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு அது பகிடியாகத் தெரியவில்லை. ஆனால் மற்றவர்கள் சொல்வதை அவர் தடுக்கவும் இல்லை.

கோயிலடிக்குப் போய் வந்த பின்னேரம் கிடங்கடியில் நின்று வெகுநேரம் கதைத்தேன். வேலிக்கு மேலால் ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவள் அங்கே நிற்கிறாள் என்று தெரியும், ஆடு கத்தும், கயிறு இழுபடும் சத்தம் கேட்கும். மாசி, பங்குனி முழுக்க நான் கதைத்துக்கொண்டே இருந்தேன். சித்திரையில் மரம் முழுதாகப் பட்டுப்போய், தறித்து விழுத்தினார்கள். ஆடிப் பிறப்புக்கு முன்னால் அவர்கள் வீட்டையும் பூட்டிக்கொண்டு வவுனியாவுக்கு மாமியின் ஆட்களிடம் போய், அங்கிருந்து பிறகு கனடாவுக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டோம். நான் மரத்தைக் கொன்றேன் என்று வதனி நம்பிவிட்டாள், அதனால்தான் இலை நின்றது என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். நான்தான் கொன்றேன் என்று நானும் நம்பியிருந்தேன்.

பயிர்ச் செய்கை படிக்கப் போன இரண்டாம் வருடத்தில், ஒரு வகுப்பின் நடுவில், எனக்கு அழுகை வந்துவிட்டது. மாரிக்கு முன்னால் ஒரு பக்க வேரை முழுக்க வெட்டி, வெட்டுவாயைத் தேங்கிய தண்ணீரில் ஊறவிட்டால் எந்த மரமும் அழுகும். ஒரு சிரட்டை பெருங்காயத்தால் ஒரு கீரைப் பாத்தியைக்கூடக் கொல்ல முடியாது. அந்தச் செய்தியைச் சொல்ல அப்போது என்னிடம் ஆள் இல்லை. அப்பா அதற்குள் போய்விட்டார். அம்மாவுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

போன ஆடியில், அம்மாவும் இல்லாத வீட்டில், கேற்றைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். கண்ணாடி போட்டு, சற்றுப் பருத்து, ஆனால் அதே பார்வை. நான் அவளை இருத்தி, தேநீர் ஊற்றிக் கொடுத்து, மூச்சு விடாமல் வேரைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் அழுகலைப் பற்றியும் விளக்கினேன், கூட்டத்தில் விளக்குவது போலவே. வதனி முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ கொல்லேல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும் ரஞ்சி" என்றாள். "அண்டைக்கு நீ கிடங்கடியிலை சொன்னதெல்லாம் கேட்டனான். நனைஞ்சு போச்சு, ஆருக்கும் சொல்லிப்போடாதை எண்டனீ. நான் சொல்லேல்லை."

"உன்ரை அப்பாக்கும் சொல்லேல்லையே?"

"ஆருக்கும் எண்டால் அவருக்கும்தானே. நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். கற்பூரம் எரியேக்கை உன்ரை வாயைத்தான் பாத்தனான். நீ சொல்லேல்லை. அதுக்குப் பிறகு இலை எறிய எனக்குக் கை வரேல்லை."

அவளுடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன்.

"அப்பா போன வருசம் கண்ணை மூடிட்டார். கடைசி நாளுகளிலை என்னையே ஆரெண்டு தெரியேல்லை. ஆனால் உதை மட்டும் விடேல்லை. 'எனக்கு மணத்தது பிள்ளை, மெய்யா மணத்தது' எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர். 'ஓம் அப்பா, மணத்ததுதான்' எண்டு சொன்னனான். போட்டது ஆர் எண்டு அப்பவும் சொல்லேல்லை." தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் தெருமுனை திரும்பும் வரை கேற்றடியில் நின்றேன், கூப்பிடவில்லை.

இன்று எங்கள் ஒழுங்கையில் வேலி என்று ஒன்று கிடையாது, எல்லாம் ஆள் உயர மதில். மதிலில் யாரும் பொட்டு விடுவதில்லை. கிழமைக்கு ஒருநாள் பிரதேச சபை உழவு இயந்திரம் பெட்டியோடு வந்து வீடுகளின் குப்பையை ஏற்றிப்போகிறது. என் வீட்டில் நிற்பதில்லை, மிஸ் வீட்டில் கிடங்கு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். கழிவைக் கொட்டும்போது நான் இப்போது கதைப்பதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களை எனக்குத் தெரியாது. மாமாவை அறிந்தவர்களில் சிலர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், அந்தப் பகிடியை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள், சிலர் இதை வாசிக்கவும் கூடும். அவர்களுக்குச் சொல்கிறேன், வைரவர் வாசலில் பத்து வயதில் சொல்லியிருக்க வேண்டியதை: கனகு மாமா பொய் சொல்லவில்லை. அவருக்கு மணத்தது பெருங்காயம்தான். போட்டது நான்.